உப்பு முந்திரி பாக்கெட்: லேபிள் கணக்கைச் சரிசெய்தது

பண்ருட்டி உப்பு முந்திரி பாக்கெட்டுக்குப் போட்ட லேபிளில் சில இடங்களில் பிசகு. 100 கிராமுக்கான அளவையே தினசரித் தேவையின் சதவீதத்துக்கும் வைத்திருந்தார்கள். சதவீதம் ஒரு பரிமாறலுக்குத்தான், அதாவது ஒரு தடவை சாப்பிடும் அளவுக்கு. எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம்) விதிப்படி அடிப்படை இது: ஆற்றல் 2000 கிலோகலோரி, மொத்தக் கொழுப்பு 67 கிராம், நிறைவுற்ற கொழுப்பு 22, டிரான்ஸ் கொழுப்பு 2, சேர்த்த சர்க்கரை 50, சோடியம் 2000 மில்லிகிராம்.

பரிமாறல் 30 கிராம் என்று வைத்தேன். லேப் ரிப்போர்ட்டில் 100 கிராமுக்குக் கொழுப்பு 45 கிராம். 30 கிராமுக்கு 13.5. அதை 67-ஆல் வகுத்தால் 20%. ரிப்போர்ட்டையும் சரிபாருங்கள்: புரதமும் மாவுச்சத்தும் கிராமுக்கு 4, கொழுப்பு கிராமுக்கு 9 கிலோகலோரி; புரதம் 18, மாவுச்சத்து 30 என்றால் 72 + 120 + 405 = 597 கிலோகலோரி வரவேண்டும். பெரிதாக விலகினால் லேபைக் கேளுங்கள்.

சோடியம்தான் படுத்தும். 1 கிராம் உப்பில் சுமார் 390 மில்லிகிராம் சோடியம். வறுத்தபின் உப்பு தட்டின் அடியில் தங்கிவிடும். மேலிருந்து ஒரு கை அள்ளி அனுப்பினால் ரிப்போர்ட் குறைத்துக் காட்டும். முதல், நடு, கடைசி பாக்கெட்டுகளைக் கலந்து அனுப்பினேன்.

சேர்த்த சர்க்கரை இல்லையென்றாலும் கட்டம் காலியாக இருக்கக் கூடாது, 0 போடுங்கள். முந்திரியின் இயல்பான சர்க்கரை மொத்தச் சர்க்கரையில் மட்டும் வரும். மூலப்பொருள் பட்டியலில் முந்திரி இருந்தாலும் ஒவ்வாமை வரி தனியாக வேண்டும். தமிழில் மட்டும் அச்சடித்தால் செல்லாது. ஆங்கிலமோ தேவநாகரி இந்தியோ கட்டாயம், தமிழ் கூடுதலாக இருக்கலாம். கடலூர் அச்சகத்தில் ரோலுக்கு ஆர்டர் கொடுக்கும் முன் இதையும் பார்த்துவிடுங்கள்.