பைதான் பைட்கோடைப் பென்சிலோடு படியுங்கள்
உங்கள் பைதான் ஃபங்ஷன் உள்ளுக்குள் என்ன செய்கிறது என்று பார்க்கத் தனியாக எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். பைதானோடு வரும் டிஸ் (dis) மாட்யூலை இம்போர்ட் செய்து, டிஸ்.டிஸ் என்பதற்கு ஃபங்ஷன் பெயரைக் கொடுங்கள். பைட்கோடு, அதாவது உங்கள் நிரலைப் பைதான் இயக்குவதற்காக மாற்றி வைக்கும் சிறு கட்டளைகள், வரிவரியாக வந்து விழும்.

ஒவ்வொரு கட்டளைக்கும் பக்கத்தில், அது முடிந்ததும் ஸ்டாக்கில் (மதிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேலிருந்து எடுக்கும் அடுக்கு) எத்தனை மதிப்புகள் இருக்கும் என்று எழுதிக்கொண்டே வாருங்கள். 'கட்டணம் + விலை * அளவு' என்று வைத்துக்கொள்வோம் (பைதான் 3 தமிழ்ப் பெயர்களையும் ஏற்கும்). லோட் என்பது ஒரு மதிப்பை ஸ்டாக்கில் வைக்கும் கட்டளை; மூன்று லோட்களுக்கு 1, 2, 3. பெருக்கல் மேலே உள்ள இரண்டை எடுத்து ஒன்றை வைக்கும், ஆக 2. கூட்டலுக்குப் பின் 1. ரிட்டர்ன் அதையும் எடுத்துக்கொள்ளும். பெருக்கல் முதலில் நடக்கிறது என்பது இந்தக் கட்டளை வரிசையிலேயே தெரிந்துவிடும்.

பைட்கோடு பதிப்புக்குப் பதிப்பு மாறும், பழைய பாடங்களை நம்பிக் குழம்பாதீர்கள். 3.11-இல் பைனரி_ஆட், பைனரி_மல்டிப்ளை எல்லாம் பைனரி_ஆப் என்ற ஒரே கட்டளைக்குள் போய்விட்டன. 3.13-இல் அடுத்தடுத்த இரண்டு லோட்கள் ஒன்றாகவே வரலாம். அப்போது 2 கூட்டுங்கள்.

அப்புறம், 24 * 60 * 60 என்று எழுதியும் பாருங்கள். பைதான் முன்பே கணக்கிட்டுவிடுவதால் பைட்கோடில் பெருக்கலே இருக்காது, 86400 மட்டும் நிற்கும். அதனால் வாசிக்க எளிதான வடிவத்திலேயே தயங்காமல் எழுதலாம்.