மொட்டைமாடியில் கல்ட் படம் காட்டுவது எப்படி: வசனம் காதில் விழ ஒரு செய்முறை

"இந்தப் படத்தைக் கட்டாயம் பார்" என்று நண்பர்களுக்கு இணைப்பு அனுப்பினால் யாரும் பார்ப்பதில்லை. "ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன்" என்பார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை வரவே வராது. கல்ட் படங்களில், அதாவது ஒரு சிறு கூட்டம் விடாமல் கொண்டாடிக்கொண்டிருக்கும் படங்களில், பெரும்பாலானவை முதல் இருபது நிமிடத்துக்குப் பொறுமை கேட்பவை. கைப்பேசியில் தனியாகப் பார்க்கிறவருக்கு அந்தப் பொறுமை இருக்காது. பக்கத்தில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தால் தானாக வந்துவிடும். ஆகவே கூப்பிட்டு உட்காரவைத்துக் காட்டுவதே வழி. சென்னையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் காட்டிப் பழகிய முறையை எழுதுகிறேன். லேப்டாப்பை புரொஜெக்டரோடு இணைப்பது, கோப்பை ஓடவிடுவது போன்றவை உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

எல்லாரும் விசாரிப்பது என்ன புரொஜெக்டர், எவ்வளவு பெரிய திரை என்றுதான். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பத்து நிமிடத்தில் கண் பழகிவிடும். வசனம் காதில் விழாவிட்டாலோ, சப்டைட்டில் நேரத்துக்கு வராவிட்டாலோ எதுவும் பழகாது. ஆட்கள் கைப்பேசியை எடுத்துவிடுவார்கள்.

படி 1: படத்தையும் நேரத்தையும் சேர்த்தே முடிவு செய்யுங்கள்

இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் இருக்கிறது. விதி இல்லாவிட்டாலும் பக்கத்து வீட்டுக்காரர் இருக்கிறார். சென்னையில் ஜூன் மாதம் சூரியன் மறையவே ஆறரை தாண்டும். திரை தெளிவாகத் தெரியும் அளவுக்கு இருட்ட ஏழு, ஏழே கால் ஆகிவிடும். ஆக, கையில் இருப்பது இரண்டே முக்கால் மணி நேரம். தாமதமாக வருகிறவர்களுக்கும் தேநீருக்கும் அரை மணி நேரம் போனால், இரண்டே கால் மணி நேரத்துக்குள் முடிகிற படம்தான் சரிப்படும். நீளமான படங்களை டிசம்பருக்கு ஒதுக்குங்கள். அப்போது ஆறரைக்கே நன்றாக இருட்டியிருக்கும், மழைதான் மனது வைக்க வேண்டும்.

முதல் மாலைக்கு என் பரிந்துரை 'அந்த நாள்' (1954). வீணை எஸ். பாலசந்தர் இயக்கி, ஏவி.எம். தயாரித்த படம். பாட்டே கிடையாது. சிவாஜி கணேசன் தொடக்கத்திலேயே சுடப்பட்டு விழுந்துவிடுகிறார். பிறகு ஆளாளுக்கு ஒரு கோணத்தில் நடந்ததைச் சொல்கிறார்கள். கறுப்பு வெள்ளை என்றாலே முகம் சுளிக்கிறவர்களும் கொலைகாரர் யார் என்று பந்தயம் கட்ட ஆரம்பித்துவிடுவார்கள். அடுத்த மாலைக்கு ருத்ரய்யாவின் 'அவள் அப்படித்தான்' (1978). நாயகி மஞ்சுவின் பக்கம் நிற்பவர்களும் நிற்காதவர்களும் படம் முடிந்த பின் மாடியை விட்டு இறங்கமாட்டார்கள். அதற்கும் நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

தியாகராஜன் குமாரராஜாவின் 'ஆரண்ய காண்டம்' (2011) வேண்டும் என்று கேட்காத கூட்டமே இல்லை. தாராளமாகக் காட்டலாம். ஆனால் 'ஏ' சான்றிதழ் படம் என்பது நினைவிருக்கட்டும். மொட்டைமாடி என்றால் வீட்டுப் பிள்ளைகள் படிக்கட்டில் எட்டிப்பார்க்காமல் இருக்கமாட்டார்கள். அதைக் கதவு சாத்துகிற கூடத்தில் காட்டுங்கள்.

உங்கள் உயிருக்கு உயிரான படத்தை மட்டும் முதலில் காட்டாதீர்கள். திரையைப் பார்க்காமல் மற்றவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

உரிமை பற்றி ஒரு வார்த்தை. வீட்டில் நண்பர்களுக்கு இலவசமாகக் காட்டுவது ஒன்று, அரங்கம் பிடித்து ஊரைக் கூப்பிடுவது வேறு. இரண்டாவதற்கு உரிமையாளரின் அனுமதியும், படத்துக்குத் தணிக்கைச் சான்றிதழும் வேண்டும். இந்தியச் சட்டப்படி திரைப்படத்தின் காப்புரிமை வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். 1954ஆம் ஆண்டுப் படத்துக்கு அது 2014 முடிவோடு தீர்ந்துவிட்டது. 1978ஆம் ஆண்டுப் படத்துக்குத் தீரவில்லை. உண்டியல் வைக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். 'அக்ரஹாரத்தில் கழுதை' எடுத்த மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாம், ஒடேசா என்ற திரைப்படக் கூட்டமைப்பின் நண்பர்களோடு மக்களிடம் பணம் திரட்டி 'அம்மா அறியான்' (1986) எடுத்து, ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டினார். அது அவர்களே எடுத்த படம். நாம் காட்டுவது அடுத்தவர் படம். உண்டியல் வேண்டாம், சுண்டல் செலவைப் பகிர்ந்துகொள்ளுங்கள்.

படி 2: திரையும் புரொஜெக்டரும்

வெள்ளைச் சுவர் இருந்தால் வேறெதுவும் வேண்டாம். வேட்டி கட்டிக் காட்டலாம் என்பது சினிமாவில் மட்டும் அழகு. பாதி வெளிச்சம் துணியைத் துளைத்துப் பின்பக்கம் போய்விடும், மீதிப் பாதி காற்றில் ஆடும். துணிதான் வேண்டுமென்றால் ஜன்னல் திரைக்குப் பின்னால் வைத்துத் தைக்கும் பிளாக் அவுட் துணியை வாங்குங்கள். கீழ் விளிம்பை உறை போல மடித்துத் தைத்து, அதற்குள் பிவிசி குழாய் ஒன்றைச் செருகிவிட்டால் கடற்காற்றுக்கும் அசையாது.

புரொஜெக்டரை முதலில் வாடகைக்கு எடுங்கள். வாங்குவதானால் 'ஆன்சி லூமென்ஸ்' (தரப்படுத்திய முறையில் அளந்த வெளிச்சம்) எவ்வளவு என்று கேளுங்கள். வெறும் 'லூமென்ஸ்' என்று அட்டையில் போட்டிருக்கும் பெரிய எண்ணை நம்ப வேண்டாம். '1080 ஆதரிக்கும்' என்பதும் '1080 தெளிவு உண்டு' என்பதும் ஒன்றல்ல (1080 என்பது படத்தின் கிடை வரிகளின் எண்ணிக்கை). முதலாவது, உள்ளே வரும் படத்தைச் சுருக்கித்தான் காட்டும். அடுத்தது தூரம். திரையின் அகலத்தைப் போல எத்தனை மடங்கு தள்ளி வைக்க வேண்டும் என்பதே த்ரோ ரேஷியோ; அது 1.2 என்றால் 8 அடி அகலத் திரைக்கு 9.6 அடி தள்ளி வைக்க வேண்டும். மாடியை டேப் வைத்து அளந்துவிட்டே கடைக்குப் போங்கள்.

பழைய படங்கள் கிட்டத்தட்ட சதுரச் சட்டத்தில் இருக்கும், இரு பக்கமும் கறுப்புப் பட்டை விழும். "திரை முழுக்க வரவையுங்களேன்" என்று ஒருவர் நிச்சயம் கேட்பார். இழுத்து விரித்தால் கதாநாயகியின் முகம் பூசணிக்காய் ஆகிவிடும். மறுத்துவிடுங்கள்.

படி 3: ஒலி

லேப்டாப்பில் எச்டிஎம்ஐ கேபிளைச் செருகியதும் ஒலியும் பெரும்பாலும் அதன் வழியே புரொஜெக்டருக்குப் போய்விடும். திரையில் ஆள் பேசுவார், குரல் பார்வையாளர்களின் முதுகுக்குப் பின்னாலிருந்து, மின்விசிறி இரைச்சலோடு வரும். லேப்டாப்பின் ஒலி அமைப்பில் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்து, ஸ்பீக்கரைத் திரைக்குக் கீழே வையுங்கள். திறந்தவெளியில் ஒலி திரும்பி வர மேற்கூரை இல்லை. அதனால் ஒரு பெரிய ஸ்பீக்கரைவிடத் திரையின் இரு ஓரத்திலும் இரண்டு நடுத்தர ஸ்பீக்கர்கள் நல்லது.

ப்ளூடூத் வேண்டாம் என்பது என் கட்சி. உதடு அசைந்த பிறகு சற்றுத் தாமதித்துத்தான் சொல் வரும். வேறு வழியில்லையென்றால், படம் ஓட்டும் இலவச மென்பொருளான விஎல்சியில் 'ஜே' விசையை அழுத்தி ஒலியை முன்னுக்கு இழுக்கலாம், 'கே' பின்னுக்குத் தள்ளும். பத்து மீட்டர் கம்பி வாங்குவது இதைவிடச் சுலபம்.

வசனம் முணுமுணுப்பாகவும் துப்பாக்கிச் சத்தம் தெருவே எழும்பும்படியும் கேட்டால், கோப்பில் இருப்பது பெரும்பாலும் 5.1 ஒலித்தடம், அதாவது ஐந்து ஸ்பீக்கர்களுக்கும் ஒரு பாஸ் ஸ்பீக்கருக்கும் எனப் பிரித்துக் கலந்தது. வசனம் நடு ஸ்பீக்கருக்கென்று கலக்கப்பட்டது, உங்களிடம் நடு ஸ்பீக்கர் இல்லை. ஸ்டீரியோ தடம் இருந்தால் அதற்கு மாறுங்கள். இல்லையென்றால் விஎல்சியின் ஒலி விளைவுகளில் 'கம்ப்ரஸர்' இருக்கிறது. அதை இயக்கினால் இரண்டுக்கும் உள்ள இடைவெளி குறையும்.

படி 4: சப்டைட்டில்

என்னை அதிகம் அலைக்கழித்தது இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். மலையாளப் படம் என்றாலும் ஜப்பானியப் படம் என்றாலும், தமிழ்ப் படத்துக்குத் தெலுங்கு நண்பர் வந்தாலும், சப்டைட்டில் கோப்பைத் தனியாகச் சேர்க்க வேண்டிவரும். முதல் காட்சியில் கச்சிதமாகப் பொருந்தும். ஒரு மணி நேரம் கழித்து, ஒருவர் மன்னிப்புக் கேட்கும்போது திரையில் அடுத்த காட்சியின் வசை ஓடும். முதல் ஐந்து நிமிடத்தை மட்டும் ஓடவிட்டுப் பார்த்து நிம்மதி அடைந்தவர்களுக்கு இது நிச்சயம்.

சோதிக்கும் முறை எளிது. படத்தின் முதல் வசனத்தையும் கடைசி வசனத்தையும் மட்டும் பாருங்கள்.

இரண்டு இடத்திலும் ஒரே அளவு பிசகினால், கோப்பு முழுவதும் நகர்ந்திருக்கிறது என்று பொருள். விஎல்சியில் 'ஜி' அழுத்தினால் வரிகள் முன்னே வரும், 'எச்' அழுத்தினால் பின்னே போகும். ஒரு தடவைக்கு 50 மில்லி விநாடி. அரை விநாடிப் பிசகுக்குப் பத்துத் தடவை தட்டினால் போதும்.

முதல் வசனத்தில் சிறிதாகவும் கடைசி வசனத்தில் பெரிதாகவும் பிசகினால், 'ஜி'யும் 'எச்'சும் உதவாது. அங்கே சரிசெய்தால் இங்கே கெடும். காரணம் வேக வேறுபாடு. திரைப்படம் பொதுவாக விநாடிக்கு 24 சட்டங்களில் (ஃப்ரேம்) எடுக்கப்படுகிறது. ஐரோப்பா போன்ற இடங்களின் தொலைக்காட்சி முறைக்காக டிவிடி போடும்போது அதையே 25 சட்டமாக ஓட்டிவிடுவார்கள். 120 நிமிடப் படம் ஏறத்தாழ 115 நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த டிவிடிக்காகச் செய்த சப்டைட்டிலை உங்கள் 24 சட்டப் பிரதியோடு ஓட்டினால், கடைசிக் காட்சிக்குள் வரிகள் கிட்டத்தட்ட ஐந்து நிமிடம் முந்திப் போயிருக்கும்.

இதற்கு 'சப்டைட்டில் எடிட்' என்ற இலவச மென்பொருள் போதும். இணையத்தில் கோப்பை ஏற்றித் திருத்தித் தரும் தளங்களை நான் சீந்துவதில்லை. இந்த மென்பொருளில் 25இலிருந்து 23.976க்கு (24 என்று சொல்லப்படும் பிரதிகள் பலவற்றின் துல்லியமான வேகம்) மாற்ற நேரடி வசதி உண்டு. எந்த வேகத்துக்கு என்று தெரியாவிட்டால் 'பாயிண்ட் சிங்க்' பயன்படுத்துங்கள். தொடக்கத்தில் ஒரு வரியைத் தேர்ந்து, அது படத்தில் எந்த விநாடியில் பேசப்படுகிறது என்று கொடுங்கள். முடிவுக்குப் பக்கத்தில் இன்னொரு வரிக்கும் அதையே செய்யுங்கள். இடையில் இருப்பதை எல்லாம் அது கணக்கிட்டு நீட்டிவிடும். குறித்துக்கொள்ள நல்ல வரி எது என்றால், ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடும் வரி. மொழி தெரியாத படத்திலும் பெயர் காதில் விழும்.

நடுவில் ஓரிடம் வரை சரியாக வந்து, திடீரென்று பத்து விநாடி தாவினால், அது வேறு வெட்டுப் பிரதிக்கான கோப்பு. ஒரு காட்சி ஒன்றில் இருக்கிறது, மற்றதில் இல்லை. தாவும் இடத்துக்குப் பிந்தைய வரிகளை மட்டும் தேர்ந்து நகர்த்துங்கள். இரண்டு மூன்று இடங்களில் தாவினால் மல்லுக்கட்டாதீர்கள், வேறு கோப்பைத் தேடுங்கள்.

திருத்தி முடித்ததும் படக் கோப்பின் பெயரையே சப்டைட்டில் கோப்புக்கும் வைத்து, இரண்டையும் ஒரே கோப்புறையில் போடுங்கள். தானாக ஏறிக்கொள்ளும்.

படி 5: அன்று மாலை

வெளிச்சம் இருக்கும்போதே கம்பிகளைத் தரையோடு டேப் வைத்து ஒட்டிவிடுங்கள். இருட்டில் தேநீரோடு வருகிறவர் தடுக்கினால் புரொஜெக்டர்தான் முதலில் விழும். லேப்டாப்பில் திரை அணைவதையும் செய்தி அறிவிப்புகளையும் நிறுத்துங்கள். கொசுவர்த்தியைப் புரொஜெக்டர் ஒளி போகும் பாதையில் வைக்காதீர்கள், புகை முழுவதும் படத்தில் தெரியும்.

படத்தை ஏற்கெனவே பலமுறை பார்த்தவர்களைப் பின்வரிசையில் உட்காரவையுங்கள். வசனத்தை முந்திச் சொல்கிற ஆசை அவர்களை விடாது. முன்வரிசையில் இருந்தால் புதிதாகப் பார்க்கிறவர்கள் பாடு திண்டாட்டம். அறிமுக உரை இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம், "ஒரு காட்சி வரும் பாருங்கள்" என்ற சொற்றொடரே கூடாது. அடுத்த படத்தை வேறொருவர் தேர்ந்தெடுக்கட்டும். தேர்ந்தவரே அன்றைக்கு லேப்டாப் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்ட வேண்டும் என்று வைத்துக்கொண்டால், சப்டைட்டில் சோதிக்கும் வேலையும் பங்கிடப்படும்.

பின்சேர்க்கை

இதைப் படித்தவர்கள் கேட்டதால் இரண்டு விஷயங்களைச் சேர்க்கிறேன்.

ஓடிடி தளத்திலிருந்து காட்டும்போது ஒலி மட்டும் வந்து திரை கறுப்பாக இருக்கிறது என்கிறார்கள். நகலெடுப்பைத் தடுக்கும் பூட்டு அது. லேப்டாப்பிலிருந்து திரை வரை உள்ள ஒவ்வொரு கருவியும் அந்தப் பூட்டுக்கு ஒத்துப்போக வேண்டும். மலிவான புரொஜெக்டரும், நடுவில் செருகிய பிரிப்பானும் (ஒரு எச்டிஎம்ஐ இணைப்பைப் பலவாக்கும் கருவி) பல நேரம் ஒத்துப்போவதில்லை. முதலில் பிரிப்பானைக் கழற்றிவிட்டு நேராக இணைத்துப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் டிவிடி வாங்கி, டிவிடி பிளேயரை எச்டிஎம்ஐயில் அல்லாமல் பழைய ஏவி கம்பியில் இணைத்து ஓட்டுங்கள்; புளூ ரே பிளேயரின் எச்டிஎம்ஐயிலும் இதே பூட்டு உண்டு. கல்ட் படம் என்றால் தட்டாக வாங்கி வைப்பதே என் வழக்கம், ஓடிடியில் இன்று இருப்பது அடுத்த மாதம் இருக்காது.

தமிழ் சப்டைட்டில் தெரியவில்லை என்பவர்கள் திரையில் என்ன தெரிகிறது என்று பாருங்கள். தொப்பி போட்ட ஐரோப்பிய எழுத்துகள் தெரிந்தால் குறியாக்கக் கோளாறு, அதாவது தமிழ் எழுத்துகளை மென்பொருள் வேறு எழுத்துகளாக வாசிக்கிறது. கோப்பை நோட்பேடில் திறந்து, 'யுடிஎஃப் 8' என்று தேர்ந்து மறுபடி சேமியுங்கள், விஎல்சியின் சப்டைட்டில் அமைப்பிலும் அதையே வையுங்கள். வெறும் கட்டங்கள் தெரிந்தால் எழுத்துரு இல்லை என்று பொருள். அதே அமைப்பில் 'நிர்மலா யுஐ' அல்லது 'நோட்டோ சான்ஸ் தமிழ்' தேர்ந்தால் சரியாகிவிடும். எழுத்துருவின் அளவையும் கொஞ்சம் கூட்டிவிடுங்கள், பின்வரிசையில் இருப்பவர்களுக்கும் வாசிக்க வரும்.