ஸ்பெஷல் எடிஷன் வதந்திகள்: உண்மைத் துணுக்கை வைத்து இல்லாத வண்டியைக் கட்டாதீர்கள்

'பிளேஸர்' என்ற பெயரை செவ்ரோலே திரும்பக் கொண்டுவரப் போகிறது என்ற பேச்சு 2018-ல் கிளம்பியபோது, ஆஃப்ரோடு (சாலையில்லாத தடத்தில் ஓட்டும்) பிரியர்கள் போட்ட கணக்கு எளிமையானது. 1969 மாடலாக வந்த பழைய கே5 பிளேஸர், பிக்கப் சேஸியின் மேல் கட்டிய, கூரையைக் கழற்றிவிடக்கூடிய முரட்டு வண்டி. அதன் போட்டியாளரான பிராங்கோ மறுபடி வரும் என்று ஃபோர்டு 2017 ஜனவரியிலேயே அறிவித்துவிட்டது. ஆகவே செவ்ரோலே பதிலடிக்குத் தயாராகிறது என்று எல்லோரும் நம்பினார்கள். 2018 ஜூன் 21 அன்று திரை விலகியது. பெயர் பிளேஸர்தான். ஆனால் அங்கே நின்றது தனிச் சட்டகம் இல்லாத மோனோகாக் பாடியில் அமைந்த, அடிப்படை மாடலில் முன்சக்கரங்களால் மட்டுமே ஓடுகிற குடும்ப கிராஸ்ஓவர்.

கசிந்த செய்தியில் பிழை ஒன்றும் இல்லை. பெயர் வருகிறது என்றார்கள், வந்தது. ஏணி வடிவச் சட்டகமான லேடர் ஃப்ரேம், கழற்றும் கூரை, கடினமான தடத்தில் மெல்ல ஏற உதவும் லோ ரேஞ்ச் கியர் எல்லாம் நாமாகச் சேர்த்துக்கொண்டவை. வரப்போகிற டிரக், ஆஃப்ரோடர் பற்றிய ஊகங்களில் நான் அதிகம் பார்க்கிற தவறு இதுதான். பொய்ச் செய்தியை நம்பி ஏமாறுபவர்களைவிட, மெய்யான ஒரு துணுக்கிலிருந்து அது சொல்லாததையெல்லாம் கறந்து ஏமாறுபவர்களே அதிகம். ஒவ்வொரு ஆதாரமும் எதைச் சொல்லும், எந்த இடத்தில் அதன் பேச்சு நின்றுவிடும் என்று தெரிந்துகொண்டால் பாதி ஏமாற்றம் குறையும்.

பெயரைப் பார்த்து வண்டியை முடிவு செய்வது

வர்த்தகக் குறி பதிவுதான் வதந்திகளின் முதல் ஊற்று. விண்ணப்பங்கள் பொதுவெளியில் கிடைப்பதால் யார் வேண்டுமானாலும் தேடி எடுக்கலாம். ஆனால் அமெரிக்கச் சட்டத்தில் ஒரு பெயரை 'பயன்படுத்தும் எண்ணம்' இருந்தாலே விண்ணப்பித்துவிடலாம். அனுமதி கிடைத்த பிறகு, உண்மையாகவே பயன்படுத்துகிறோம் என்று காட்ட ஆறு மாதம் தருவார்கள். அதை ஐந்து முறை நீட்டிக்கலாம். மொத்தத்தில் 36 மாதம் வரை ஒரு பெயர் வண்டியே இல்லாமல் தூங்கலாம். வேறு யாரும் எடுத்துவிடக் கூடாது என்பதற்காகவே பதிவு செய்து வைத்திருக்கும் பெயர்களும் உண்டு.

மஹிந்திராவின் ஐந்து கதவுத் தார் இதற்கு நல்ல பாடம். அர்மடா, ராக்ஸ், கல்ட் என்று பல பெயர்கள் பதிவுக்குப் போயிருந்தன. 'தார் அர்மடா' என்று பெரும்பாலானோர் முடிவே கட்டிவிட்டார்கள். 2024 ஆகஸ்ட் 15 அன்று வந்ததோ தார் ராக்ஸ். ஜீப்பின் ரேங்ளர் பிக்கப்பும் அப்படித்தான். 'ஸ்கிராம்ப்ளர்' என்றே அது வெகு காலம் பேசப்பட்டது, 2018 நவம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் கண்காட்சியில் கிளாடியேட்டராக வந்து நின்றது. 'வார்ட்ஹாக்' என்று எல்லோரும் அழைத்த பிராங்கோ கடைசியில் பிராங்கோ ராப்டர் ஆனது.

பெயர் விண்ணப்பம் கண்ணில் பட்டால் முதலில் எந்த வகுப்பில் பதிந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பன்னாட்டு வகைப்பாட்டில் வாகனங்களுக்கு 12-ம் வகுப்பு. 25 என்பது உடைகள், 28 என்பது பொம்மைகள். சட்டையிலும் பொம்மை வண்டியிலும் அச்சிடுவதற்காகப் பழைய பெயர்களைப் புதுப்பிப்பது சாதாரணமாக நடக்கிறது. 12-ம் வகுப்பாக இருந்தாலும் என்ன பாடி, என்ன இன்ஜின் என்பதற்கு அந்தத் தாளில் பதில் இருக்காது.

காப்புரிமைக்கும் இதே எச்சரிக்கை வேண்டும். வழக்கமாகத் தாக்கல் செய்து 18 மாதம் கழித்தே அது வெளியாகிறது. நாம் பரபரப்பாகப் படிக்கிற வரைபடம் ஒன்றரை ஆண்டுக்கு முந்தைய யோசனை. அந்த யோசனையை நிறுவனம் அதற்குள் கைவிட்டும் இருக்கலாம்.

ஸ்பை ஷாட்டில் பார்க்க வேண்டியதை விட்டுவிடுவது

சோதனை ஓட்டத்தில் பிடிபட்ட வண்டியின் படம் வந்தால் எல்லோருடைய கண்ணும் முகப்பு விளக்குக்கும் கிரில்லுக்கும்தான் போகிறது. ஆனால் பொய் சொல்வதற்கு ஏற்ற இடமே அதுதான். சுருள் சுருளான ஸ்டிக்கருக்கு அடியில் பொய்ப் பலகைகளை ஒட்டி வடிவத்தையே மாற்றியிருப்பார்கள். தொடக்கக் கட்டச் சோதனை வண்டிகளில் பழைய பாடிக்கு அடியில் புதிய சேஸி மட்டும் இருக்கும். அப்படிப்பட்ட வண்டியின் தோற்றத்தை அலசுவது வீண் வேலை.

மறைக்கக் கடினமானவை கீழே இருக்கின்றன. சக்கரங்களுக்கு இடையிலான அகலம் கூடியிருக்கிறதா? ஃபெண்டரைத் தாண்டி டயர் வெளியே நீள்கிறதா? தனி ரிசர்வாயர் வைத்த ஷாக் அப்சார்பர் தெரிகிறதா? பின்னால் பட்டைகளை அடுக்கிய லீஃப் ஸ்பிரிங்கா, சுருளான காயிலா? சக்கரத்தில் எத்தனை போல்ட்? அமெரிக்கப் பிக்கப்புகளில் ஆறு போல்ட் பொதுவாகச் சாதாரண ஃபுல் சைஸ் வண்டியைக் குறிக்கும், எட்டு போல்ட் அதிகச் சுமைக்கான ஹெவி டியூட்டி வகையைக் குறிக்கும். ஒரு சக்கரம் முழுதாகத் தெரிகிற மங்கலான படம், முகம் மட்டும் பளிச்சென்று தெரிகிற படத்தைவிட மதிப்பானது.

டயரின் பக்கவாட்டு எழுத்து படிக்கக் கிடைத்தால் புதையல். 285/70ஆர்17 என்று இருந்தால் அகலம் 285 மில்லிமீட்டர், பக்கச் சுவர் அதில் 70 விழுக்காடு, அதாவது சுமார் 200 மில்லிமீட்டர். மேலும் கீழும் சேர்த்து 400. நடுவில் 17 அங்குல ரிம் 432 மில்லிமீட்டர். கூட்டினால் விட்டம் சுமார் 831, ஏறக்குறைய 33 அங்குலம். இப்படிக் கணக்குப் போட்டவருக்கு, '37 அங்குல டயரோடு வருகிறது' என்று படத்துக்கு அடியில் யாராவது எழுதியிருந்தால் சரியா தவறா என்று அங்கேயே தெரிந்துவிடும். அப்போதும் ஒன்றை மறக்க வேண்டாம்: சோதனை வண்டியில் மாட்டிய டயர் விற்பனை வண்டியிலும் இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

கணினியில் வரைந்த கற்பனைப் படங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அவை ஓவியங்கள். ரசிக்கலாம், ஆதாரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கான்செப்ட்டை வாக்குறுதியாக எடுத்துக்கொள்வது

ஒவ்வோர் ஆண்டும் யூட்டா மாநிலத்தின் மோவாபில் நடக்கும் ஈஸ்டர் ஜீப் சஃபாரிக்கு ஜீப் சில கான்செப்ட் வண்டிகளை, அதாவது காட்சிக்குச் செய்த மாதிரிகளைக் கொண்டுவருகிறது. 2016-ல் அப்படி வந்த டிரெயில்கேட், ரேங்ளருக்குள் 707 குதிரைத்திறன் ஹெல்கேட் இன்ஜினைத் திணித்த அற்புதமான வண்டி. அது விற்பனைக்கு வரவே இல்லை. 2020 ஜூலையில், பிராங்கோ அறிமுகமான அதே நாளில் ஜீப் காட்டிய ரேங்ளர் ரூபிகான் 392 கான்செப்ட்டோ, நான்கே மாதத்தில் 470 குதிரைத்திறன், 6.4 லிட்டர் வி8 இன்ஜினோடு உற்பத்தி மாடலாக அறிவிக்கப்பட்டது. இரண்டுமே ரேங்ளர், இரண்டிலுமே அந்தக் குழுமம் ஏற்கெனவே வேறு கார்களில் விற்றுக்கொண்டிருந்த இன்ஜின். ஒன்று கண்காட்சியோடு நின்றது, மற்றது கடைக்கு வந்தது.

'இன்ஜின் உள்ளே பொருந்துகிறதே, ஏன் விற்க மாட்டேன் என்கிறார்கள்' என்ற கேள்வி அடிக்கடி வரும். பொருந்துவது மட்டும் போதாது. மோதலின்போது முன்பகுதி நசுங்கி அதிர்ச்சியை உள்வாங்க இடம் வேண்டும், இன்ஜின் பின்னால் தள்ளப்பட்டுக் கால் வைக்கிற இடத்துக்குள் நுழையக் கூடாது. வெப்பத்தை வெளியேற்ற காற்றோட்டம் வேண்டும். புகைச் சான்று தனியாக வாங்க வேண்டும். ஒரே ஒரு கான்செப்ட்டுக்கு இவை எதுவும் தேவையில்லை. அதனால்தான் கான்செப்ட் செய்வது எளிது.

கான்செப்ட் வண்டி உற்பத்திக்கு வந்தாலும் எண்கள் அப்படியே வருவதில்லை. 2016-ல் ரேம் நிறுவனம் காட்டிய ரெபெல் டிஆர்எக்ஸ் பிக்கப் கான்செப்ட்டில் 575 குதிரைத்திறன். நான்கு ஆண்டுகள் கழித்து 2020 ஆகஸ்டில் வந்த 1500 டிஆர்எக்ஸில் 702. இங்கே எண் கூடியது நம் அதிர்ஷ்டம். குறைந்த கதைகளும் உண்டு.

'ஃபைனல் எடிஷன்' என்றதும் பதறி வாங்குவது

பணத்தை அதிகம் கரைக்கிற தவறு இது, ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன். டிஆர்எக்ஸுக்கு 2024 மாடலோடு ஃபைனல் எடிஷன் போட்டார்கள், 4,000 வண்டிகள் என்றார்கள். பிறகு ஆறு சிலிண்டர் கொண்ட ஆர்ஹெச்ஓ என்ற மாடல் அந்த இடத்துக்கு வந்தது. வி8 யுகம் முடிந்தது என்று எழுதாதவர் இல்லை. 2027 மாடலுக்கு 777 குதிரைத்திறனோடு டிஆர்எக்ஸ் திரும்பி வந்தது. ரேங்ளர் ரூபிகான் 392-க்கும் 2024-ல் ஃபைனல் எடிஷன் வந்தது. அதே 6.4 லிட்டர் வி8, மோவாப் 392 என்ற பெயரில் 2026 மாடலுக்கு அறிவிக்கப்பட்டது. ரேம் 1500-ல் 2025 மாடலுக்குக் கைவிட்ட 5.7 லிட்டர் ஹெமி வி8 இன்ஜினை 2026-க்கு மீண்டும் தருவதாக 2025 ஜூனில் சொன்னார்கள். அமெரிக்காவில் 2021 மாடலோடு விடைபெற்ற டொயோட்டா லேண்ட் குரூஸர்கூட 2024 மாடலாகத் திரும்பியது, ஆனால் வி8 போய் நான்கு சிலிண்டர் ஹைபிரிட் வந்திருந்தது.

நிறுவனங்கள் வேண்டுமென்றே ஏமாற்றின என்று நான் சொல்ல வரவில்லை. புகை விதிகள், எரிபொருள் சிக்கன அபராதங்கள், அரசின் போக்கு, தலைமையில் அமர்பவர் என எல்லாமே மாறுகின்றன, அதோடு கணக்கும் மாறுகிறது. 'இறுதி' என்ற சொல் அன்றைய திட்டத்தை மட்டுமே குறிக்கிறது. 'இனி கிடைக்காது, பின்னால் விலை ஏறும்' என்ற ஒரே காரணத்துக்காகக் கடன் வாங்கி எடுப்பவர்களை நினைத்தால் எனக்கு உண்மையாகவே கவலையாக இருக்கிறது. அந்த வண்டி பிடித்திருக்கிறது, ஓட்டப் போகிறேன் என்றால் தாராளமாக வாங்குங்கள். அதற்கு 'ஃபைனல்' என்ற பட்டயம் தேவையில்லை.

எண்ணிக்கை வரம்பையும் இப்படியே பார்க்க வேண்டும். பிராங்கோ ஹெரிடேஜ் லிமிடெட் எடிஷன் 1,966 வண்டிகள் என்று அறிவித்தார்கள். முதல் பிராங்கோ 1966 மாடல் என்பதால் அந்த எண். அழகான அஞ்சலிதான். ஆனால் அதிலிருந்த 35 அங்குல டயர், டிஃபரன்ஷியல் லாக் (இரு சக்கரங்களையும் ஒரே வேகத்தில் சுழல வைக்கும் பூட்டு) அடங்கிய சாஸ்குவாட்ச் தொகுப்பை மற்ற பிராங்கோக்களிலும் வாங்க முடியும். நிறம், இருக்கை, பட்டயம் போன்ற தோற்ற விஷயங்களே அந்த எடிஷனுக்குச் சொந்தம். எந்த ஸ்பெஷல் எடிஷன் பற்றிப் பேச்சு வந்தாலும் நான் முதலில் கேட்பது, சாதாரண மாடலில் கிடைக்காத எந்த இயந்திர பாகம் இதில் இருக்கிறது என்பதே. பதில் 'ஒன்றுமில்லை' என்றால், நிறம் பிடித்தவர்கள் காத்திருக்கட்டும். மேடு பள்ளத்துக்காக வாங்குபவர் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆண்டையும் சந்தையையும் குழப்பிக்கொள்வது

'2027 மாடல்' என்றால் 2027-ல்தான் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்க விதிப்படி ஒரு மாடல் ஆண்டின் உற்பத்தியை முந்தைய ஆண்டு ஜனவரி 2-ம் தேதியிலிருந்தே தொடங்கலாம். ஆகவே வதந்தியில் வருகிற ஆண்டு மாடல் ஆண்டா, நாட்காட்டி ஆண்டா என்று பார்க்காமல் பழைய வண்டியை விற்க நாள் குறிக்காதீர்கள்.

சந்தை மாறினால் வண்டியும் மாறுகிறது. 2018-ல் வந்த ஃபோர்டின் முதல் ரேஞ்சர் ராப்டர் பிக்கப் அமெரிக்காவுக்குப் போகவே இல்லை. அடுத்த தலைமுறையின் 3 லிட்டர் இரட்டை டர்போ வி6, ஆஸ்திரேலியாவில் 397 பிஎஸ் (மெட்ரிக் குதிரைத்திறன்) தருகிறது. ஐரோப்பாவில் புகை விதிகளுக்காக அதை 292-க்குக் குறைத்தார்கள். ஒரு நாட்டில் கசிந்த விவரத்தை இன்னொரு நாட்டு ஷோரூமுக்கு அப்படியே கொண்டுபோகக் கூடாது என்பதற்கு இந்த நூறு குதிரைகளே சாட்சி.

முன்பதிவுப் பணத்தை விலை உறுதியாக நினைப்பது

இங்கே வதந்தி மட்டுமல்ல, அதிகாரபூர்வ அறிவிப்பும் காலை வாரலாம். டெஸ்லா சைபர்டிரக்கை 2019 நவம்பரில் காட்டியபோது தொடக்க விலை 39,900 டாலர் என்றார்கள். நூறு டாலர் கட்டிக் காத்திருந்தவர்களுக்கு 2023 நவம்பர் கடைசியில்தான் முதல் வண்டிகள் கைக்கு வந்தன, அந்த விலையில் எதுவும் இல்லை. பாலிஞ்சர் நிறுவனம் பெட்டி வடிவ மின்சார ஆஃப்ரோடரையும் பிக்கப்பையும் பல ஆண்டு காட்டிவிட்டு, 2022 ஜனவரியில் அந்தத் திட்டத்தை ஒத்திவைத்து முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. 2023-ல் முன்பதிவு திறந்த ரேமின் முழு மின்சாரப் பிக்கப் 2025 செப்டம்பரில் ரத்தானது.

முன்பதிவு என்பது வரிசையில் ஓர் இடம். பணம் கட்டும் முன், முழுதாகத் திரும்பக் கிடைக்குமா, விலை எப்போது உறுதியாகும், டீலர் கூடுதலாகக் கேட்டால் என்ன வழி என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள். முதல் தொகுதியில் வாங்குவதற்கும் ஒரு விலை உண்டு. 2021 பிராங்கோவின் கடினக் கூரைகளில் தரக் குறை வெளிப்பட்டு, ஏற்கெனவே பொருத்திய கூரைகளை ஃபோர்டு மாற்றித்தர வேண்டி வந்தது.

எதை நம்பலாம் என்றால், சலிப்பூட்டும் தாள்களை நம்பலாம். டீலர்களுக்கு அனுப்பும் ஆர்டர் கையேடு, புகைச் சான்றுப் பட்டியல், அதோடு 17 இலக்க வாகன அடையாள எண்ணின் விளக்க ஆவணம். இந்த ஆவணத்தை, வண்டியை விற்பனைக்கு வைப்பதற்குக் குறைந்தது 60 நாள் முன்னால் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பிடம் தயாரிப்பாளர் கொடுத்தாக வேண்டும். அந்த எண்ணில் பத்தாவது இடம் மாடல் ஆண்டு: எஸ் (S) என்றால் 2025, டி (T) என்றால் 2026, வி (V) என்றால் 2027. இன்ஜின் வகையும் எடை வகுப்பும் பெரும்பாலும் அந்த ஆவணத்திலேயே தெரிந்துவிடும். நிறம், விலை, எத்தனை வண்டி, எந்த ஊருக்கு எப்போது என்பவை அதில் இருக்காது. அவற்றை அந்த ஆவணத்தின் பெயரைச் சொல்லி யாராவது எழுதினால், அந்தப் பகுதி அவருடைய ஊகம்.