‘பிறகு ரேம் போட்டுக்கொள்ளலாம்’ என்று நம்பி லேப்டாப் வாங்காதீர்கள்

பழைய வண்ணாரப்பேட்டையில் லேப்டாப் பழுது பார்க்கும் சிறிய கடை என்னுடையது. கல்லூரி திறந்து மூன்று நான்கு மாதம் ஆனதும் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் பிள்ளைகள் புது லேப்டாப்போடு வந்து நிற்பார்கள். அட்டைப்பெட்டியின் வாசனைகூடப் போயிருக்காது. அதற்குள் ‘ரொம்ப மெதுவாக இருக்கிறது’ என்ற புகார். திறந்து பார்த்தால், நான் முன்பு செய்த அதே தவறு.

நாலு கடையில் விலை கேளுங்கள், பளபளப்பைப் பார்த்து மயங்காதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பிறகு ரேம் போட்டுக்கொள்ளலாம்

2019 இல் என் தங்கை பி.காம். சேர்ந்தாள். அம்மா சீட்டு எடுத்த பணம் 22,000 ரூபாய் கையில் இருந்தது. அப்போது நான் செல்போன் பழுது மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மெலிதான, எடை குறைந்த ஒரு லேப்டாப்பைக் கடைக்காரர் எடுத்துக் காட்டினார். செலரான் என்ற மலிவு வகை பிராசஸர், 4 ஜிபி ரேம் (திறந்திருக்கும் வேலைகளைத் தாங்கும் தற்காலிக நினைவகம்), 64 ஜிபி சேமிப்பு. “இப்போதைக்கு இது போதும். தேவைப்பட்டால் பிறகு ரேம் போட்டுக்கொள்ளலாம்” என்றார். நம்பி வாங்கினேன்.

மறு ஆண்டு ஊரடங்கு வந்தது. வகுப்பு முழுவதும் வீடியோ அழைப்பில். அழைப்பு ஓடும்போது ஒரு பிடிஎஃப் திறந்தால் ஆசிரியரின் குரல் விட்டுவிட்டுக் கேட்கும். இன்னொன்றைத் திறந்தால் திரையே உறைந்துவிடும். ஊரடங்கு தளர்ந்ததும் ஒரு 4 ஜிபி ரேம் வாங்கிவந்து, பின்மூடியைக் கழற்றினேன். அதைச் செருக ஸ்லாட்டே இல்லை. ரேம் சிப்புகள் முதன்மைப் பலகையான மதர்போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருந்தன, அதாவது பற்றவைக்கப்பட்டிருந்தன. சேமிப்பும் அப்படித்தான்: ஈஎம்எம்சி என்ற வகை, அதையும் கழற்ற முடியாது. சீட்டுத் தவணையை அம்மா கட்டிக்கொண்டிருக்கும்போதே அந்த லேப்டாப்பைப் பாதி விலைக்கு விற்றேன்.

இதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. ஏனென்றால் கடைக்காரர் சொன்னது ஒரு காலத்தில் உண்மை. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வந்த தடிமனான லேப்டாப்புகளில் பெரும்பாலும் இரண்டு ஸ்லாட் இருக்கும். அடியில் இரண்டு திருகைக் கழற்றினால் ரேம் கைக்கு வந்துவிடும். லேப்டாப் மெலிந்தபோது ஸ்லாட் பலவற்றில் காணாமல் போனது. அந்த வாக்கியம் மட்டும் கடைகளில் அப்படியே நிற்கிறது.

சென்ற மாதம் துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டும் ஒருவர் மகளோடு வந்தார். “தம்பி, இதில் இன்னொரு 4 ஜிபி போட்டுக் கொடுங்கள். பணம் கொண்டுவந்திருக்கிறேன்” என்றார். போட முடியாது, மதர்போர்டையே மாற்றினால்தான் உண்டு, அதற்கு ஆகும் செலவில் இன்னொரு லேப்டாப்பே கிட்டத்தட்ட வந்துவிடும் என்று அவரிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை. அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

விண்டோஸ் 11 க்குக் குறைந்தபட்சத் தேவை 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பு. அதனால்தான் அப்படிப்பட்ட லேப்டாப்பைத் தயாரித்து விற்க முடிகிறது. குறைந்தபட்சம் என்றால் கணினி எழுந்து நிற்கும், அவ்வளவுதான். பிரவுசரில் பத்து டேப், ஒரு எக்செல், ஒரு வீடியோ அழைப்பு என்று வைத்துவிட்டால் 4 ஜிபி நிரம்பிவிடும். நிரம்பியதும் விண்டோஸ் சேமிப்பைத் துணை ரேமாகப் பயன்படுத்தத் தொடங்கும். ஈஎம்எம்சியின் உச்ச வேகமே வினாடிக்கு 400 எம்பிதான். இன்றைய சாதாரண என்விஎம்இ எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பு வகை) அதைப் போலப் பல மடங்கு ஓடும். ரேமும் குறைவு, துணைக்கு நிற்பதும் மெதுவு என்றால் திரை உறையாமல் என்ன செய்யும்?

கடையிலேயே கண்டுபிடித்துவிடலாம். காட்சிக்கு வைத்திருக்கும் லேப்டாப்பில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைத் தொடுங்கள். ‘ஃபார்ம் ஃபேக்டர்’ என்ற வரியில் ‘ரோ ஆஃப் சிப்ஸ்’ என்று இருந்தால் அது சால்டர் செய்த ரேம். ‘சோடிம்’ (கழற்றி மாட்டும் ரேம்) என்று இருந்து, ‘ஸ்லாட்ஸ் யூஸ்டு’ வரியில் 2 இல் 1 என்று காட்டினால் ஒரு இடம் காலியாக இருக்கிறது என்று பொருள். விவரச் சீட்டில் ரேமின் வகை எல்பிடிடிஆர் என்று தொடங்கினாலும் உஷாராகுங்கள்; அது பெரும்பாலும் போர்டோடு ஒட்டியதுதான். சில மாடல்களில் பாதி போர்டிலும் பாதி ஸ்லாட்டிலும் இருக்கும், அவை பரவாயில்லை.

காலி ஸ்லாட் இருந்தால் 8 ஜிபி போதும். ஸ்லாட்டே இல்லையென்றால் 16 ஜிபிக்குக் குறைந்து வாங்காதீர்கள். பணம் இடித்தால் சேமிப்பில் குறையுங்கள்: 512 க்குப் பதில் 256 ஜிபி எஸ்எஸ்டி. கழற்றி மாட்டக்கூடிய எம்.2 எஸ்எஸ்டி என்றால் அதை அரை மணி நேரத்தில் மாற்றித் தருவேன். பிராசஸரை என்னால் மாற்ற முடியாது.

ஐ7 ஸ்டிக்கர்

பழைய லேப்டாப் வாங்குவோர் இன்டெல் பிராசஸரின் ஐ7 என்ற எழுத்தைப் பார்த்ததும் முடிவு செய்துவிடுகிறார்கள். அதை அடுத்து வரும் எண்ணைப் படியுங்கள். ஐ7-4600யு என்றால் நான்காம் தலைமுறை, 2013 இல் வந்தது, இரண்டே கோர் (பிராசஸருக்குள் வேலை செய்யும் பகுதி). ஐ3-1215யு பன்னிரண்டாம் தலைமுறை, 2022 இல் வந்தது, ஆறு கோர். அந்த ஐ7 ஐ விட இந்த ஐ3 பல மடங்கு நல்லது. தவிர, விண்டோஸ் 11 இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் முறைப்படி ஏறும். விண்டோஸ் 10 க்கான ஆதரவை 2025 அக்டோபர் 14 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது.

ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் பிராசஸரிலும் இந்தச் சிக்கல் உண்டு. 7000 வரிசையில் மூன்றாவது எண்ணைப் பாருங்கள். 7520யு என்றால் 2019 இல் அறிமுகமான ஜென் 2 கட்டமைப்பு. 7530யு அதற்கு அடுத்து வந்த ஜென் 3. பெட்டியில் இரண்டும் ரைசன் 5 தான். 7520யுவோடு வரும் ரேமும் போர்டில் சால்டர் செய்ததே.

வேலையைச் சொல்லாமல் வாங்குவது

ராஜாஜி சாலை கஸ்டம்ஸ் ஹவுஸ் பக்கம் ஏற்றுமதி, இறக்குமதி ஆவண வேலை பார்க்கும் தம்பி ஒருவர், யூஎஸ்பி-சி மட்டுமே உள்ள அழகான லேப்டாப்பைத் தவணையில் வாங்கிவந்தார். அவருடைய டிஜிட்டல் கையொப்ப டோக்கன் பழைய அகலமான யூஎஸ்பியில் செருகுவது. இப்போது அடாப்டரையும் கூடவே சுமக்கிறார். அதை மறந்துவிட்டுப் போன நாளில் வேலை நின்றுவிடுகிறது. டேலி பிரைம் விண்டோஸில் நிறுவும் கணக்கு மென்பொருள். கணக்கு வேலைக்கென்று விண்டோஸே இல்லாத குரோம்புக் வாங்கிவிட்டு என்னிடம் வந்தால் நான் என்ன செய்ய முடியும்? எந்த மென்பொருள், எந்தக் கருவி என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள்.

கேமிங் லேப்டாப்

விளையாடாதவருக்கு வேண்டாம். சார்ஜரோடு சேர்த்து அந்த எடையைத் தோளில் போட்டுக்கொண்டு, காலை நேர கும்மிடிப்பூண்டி ரயிலில் நின்று பாருங்கள்.

தொடுதிரை

வேண்டாம். அந்தப் பணத்தை ரேமுக்குக் கொடுங்கள்.

போர்ட்டுகளைப் பார்க்காதது

காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் பயன்படுத்திய பழைய லேப்டாப் என்றால் முதலில் டார்ச் அடித்து யூஎஸ்பி, எச்டிஎம்ஐ துளைகளுக்குள் பாருங்கள். உலோகத்தில் பச்சைக் களிம்பு தெரிந்தால் உப்புக்காற்று உள்ளேயும் போயிருக்க வாய்ப்பு அதிகம். கடலோர வீட்டில் ஜன்னலோரம் மாதக்கணக்கில் மூடிக் கிடந்த லேப்டாப்பின் போர்டைத் திறந்தபோது, திருகுகளே துருப்பிடித்து அசையாமல் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். விற்பவர் சம்மதித்தால் பின்மூடியைக் கழற்றிப் பாருங்கள். சம்மதிக்கவில்லை என்றால் வேறு லேப்டாப்பைத் தேடுங்கள்.

பில்

லேப்டாப்பின் சீரியல் எண் எழுதாத பில்லை வாங்காதீர்கள்.