புலியைத் தேடாதீர்கள், மானைப் பாருங்கள்

முதுமலைப் புலிகள் காப்பகப் பகுதியில் இருக்கும் எங்கள் மசினகுடிக்கு வருகிற விருந்தாளிகள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "புலி தெரியுமா?" வழியெல்லாம் நிற்கும் புள்ளிமான்களை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இதில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. இந்த ஊரிலேயே குடியிருந்து பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவள் நான். என் கண்ணில் புலி பட்டபோதெல்லாம் அதைக் காட்டிக்கொடுத்தவை மான்கள்தான். வீட்டுக்கு வரும் உறவினர்களிடம் வாய் ஓயாமல் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் காலம். புள்ளிமான்களில் எல்லா ஆணுக்கும் ஒரே சமயத்தில் கொம்பு முற்றுவதில்லை. ஒரே கூட்டத்தில் ஒன்றுக்குக் கொம்பு முற்றிப் பளபளக்கும். இன்னொன்றுக்கு மெத்தென்ற தோல் போர்த்திய இளங்கொம்பு. மூன்றாவது, கொம்பை உதிர்த்துவிட்டு மொட்டைத் தலையோடு மேய்ந்துகொண்டிருக்கும். அதனால் எந்த மாதம் வந்தாலும் ஏதாவது பார்க்கலாம். ஆனால் ஆண்கள் இணை தேடும் அமர்க்களம் கோடையில்தான். சித்திரை, வைகாசியில் கோடை மழை விழுந்து புல் துளிர்க்கும் நாட்களில் வாருங்கள். வெயில் ஏறுவதற்கு முன்பும், சாயங்காலம் நிழல் நீண்ட பிறகும்தான் நேரம்.

சஃபாரி டிக்கெட் கிடைக்கவில்லையா, கவலை வேண்டாம். தெப்பக்காட்டிலிருந்து மசினகுடி வரும் ஏழெட்டு கிலோமீட்டர் சாலையிலேயே மான்கள் நிற்கும். காப்பகத்துக்குள் வண்டியை நிறுத்தக் கூடாது, இறங்கவும் கூடாது. மெதுவாக உருட்டிக்கொண்டு போகலாம். நிதானமாகப் பார்ப்பதற்கு ஊருக்குள் தங்கும் இடத்துத் திண்ணையே மேல். இருட்டத் தொடங்கினால் மான்கள் வீடுகளின் பக்கமாகவும் வனத்துறைக் குடியிருப்பின் பக்கமாகவும் வந்து படுத்துக்கொள்ளும். விளக்கும் மனித நடமாட்டமும் உள்ள இடத்துக்குப் புலியும் செந்நாயும் வரத் தயங்கும் என்பது அவற்றுக்குத் தெரியும். அருகில் வருகிறதே என்று பிஸ்கட் நீட்டாதீர்கள். அது சட்டப்படி குற்றம்; அதோடு கொம்பு முற்றிய ஆண், எழுபது எண்பது கிலோ கனமுள்ள முரட்டு விலங்கு.

காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். கரகரத்த ஓர் ஓலம் புதருக்குள்ளிருந்து திரும்பத் திரும்ப எழுந்தால் அது இணை தேடும் ஆண்மான். இவ்வளவு அழகான விலங்குக்கு இப்படி ஒரு குரலா என்று என் மாணவர்கள் சிரிப்பார்கள். ஓலம் வந்த பக்கம் பார்த்துக்கொண்டே இருங்கள். ஆண் உண்ணிச்செடிப் புதருக்குள் தலையை விட்டுக் கொம்பால் அடித்து நொறுக்கும். வெளியே வரும்போது கொடியும் புல்லும் கொம்பில் சுற்றிக்கிடக்க, மாலையைக் கழற்ற மறந்த மாப்பிள்ளை போல நடக்கும். பிறகு, பார்க்கவேண்டிய காட்சி: தாழ்ந்த கிளை ஒன்றின் அடியில் நின்று முகர்ந்து பார்க்கும், பின்னங்கால்களில் எழுந்து, முன்னங்கால்கள் அந்தரத்தில் தொங்க, நெற்றியையும் கண்ணோரத்தையும் கிளையில் அழுத்தித் தேய்க்கும். கண்ணுக்கு முன்புறம் இருக்கும் சுரப்பியின் வாசனை அங்கே ஒட்டிக்கொள்கிறது. அடுத்து வரும் ஆண் அதே கிளையை முகர்ந்துவிட்டுத்தான் போகும்.

பெரும்பாலான சண்டைகள் கொம்பு உரசாமலே முடிந்துவிடும். இரண்டு ஆண்கள் மயிர் சிலிர்த்து, பக்கவாட்டில் உடம்பைக் காட்டியபடி அடியெடுத்து வைக்கும், சிறியது விலகிக்கொள்ளும். சமபலம் என்றால்தான் மோதல். பெண்மான்களை மந்தையாக வளைத்து வைத்துக்கொள்ளும் வழக்கம் இவற்றுக்கு இல்லை. பருவத்துக்கு வந்த ஒன்றை மட்டும் கழுத்தை நீட்டித் தொடர்ந்து போகும், அதன் மூத்திரத்தை முகர்ந்து மேலுதட்டைச் சுருட்டும், வேறு ஆண் நெருங்கினால் விரட்டும். வண்டி ஓட்டுபவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்: கோடையில் ஒரு பெண்மான் சாலையைக் கடந்தால் உடனே வேகம் எடுக்காதீர்கள். பின்னால் ஓர் ஆண், இடம் வலம் பாராமல் வந்துகொண்டிருக்கும்.

அந்தக் கவனமின்மைதான் அதற்கு எமன். கர்நாடகத்து நாகரஹொளெ காட்டில் புலி, செந்நாய் முதலியவற்றின் இரையை ஆராய்ந்தவர்கள், வளர்ந்த ஆண் புள்ளிமான்களே விகிதத்துக்கு மேல் சிக்குவதைக் கண்டிருக்கிறார்கள். ஆகவே ஆபத்தை அறிய ஆணைப் பார்க்காதீர்கள். கூட்டத்து ஓரத்தில் மேயும் மூத்த பெண்மானைப் பாருங்கள்.

அதன் காதுகள் முன்னோக்கிக் குத்திட்டு நிற்கும். கழுத்து நீளும். ஒரு முன்னங்கால் மெல்ல உயர்ந்து, தரையில் 'டப்' என்று விழும். வால் நிமிர்ந்து அடிப்பக்க வெள்ளை பளிச்சிடும். பிறகு கூர்மையான ஒற்றைக் கூவல். மற்றவை ஓடுவதில்லை, எல்லாத் தலைகளும் அந்தப் பக்கம் திரும்பி நிற்கும். பலருக்கு இது புரிவதில்லை, "ஏன் ஓடாமல் நிற்கின்றன?" என்பார்கள். புலியும் சிறுத்தையும் பதுங்கித் தாக்குபவை. பார்த்துவிட்டோம் என்று தெரிவித்தால் பாதி ஆபத்து நீங்கியது. கண்ணில் படாத புலியைவிடக் கண்ணெதிரே நிற்கும் புலி மேல்.

தலைகள் ஒரே புள்ளியில் நிலைத்திருந்தால் விலங்கு அங்கேயே படுத்திருக்கிறது. மெல்ல ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டே போனால் அது நடக்கிறது. அப்போது நீங்கள் பார்க்க வேண்டியது, அது போகும் திசையில் முன்னால் உள்ள புதர் இடைவெளியை. புள்ளிமான் கொஞ்சம் பயந்தாங்கொள்ளி. மலைப்பாம்புக்கும் கூவும், நடந்துவரும் மனிதனுக்கும் கூவும். இரண்டு கூவலோடு மேயப் போய்விட்டால் விட்டுவிடுங்கள். மரத்தின் மேலிருந்து கருமுகக் குரங்கான மந்தியும் இருமுவது போலக் குரல் கொடுத்தால் விஷயம் பெரிது. மந்தி உதிர்க்கும் இலையையும் காயையும் தின்ன மான்கள் அடியில் கூடும். மேலிருந்து அது பார்க்கும், கீழிருந்து இவை முகரும். புள்ளிமானைவிடப் பெரிய கடமானும் 'டாங்க்' என்று விடாமல் கத்தினால் கேமராவை எடுத்துக்கொள்ளலாம். கடமான் வீணாகக் கத்துவது அபூர்வம்.

செந்நாய் வந்தால் கதை வேறு. கூட்டமாகத் துரத்தி ஓடவைத்துக் களைக்கச்செய்யும் வேட்டை அது. முறைத்துப் பார்த்துப் பயனில்லை. புள்ளிமான்கள் சிதறி ஓடும். கடமான் தண்ணீரை நோக்கிப் போகும். மாயாற்றில் வயிறளவு நீரில், பிடரி சிலிர்க்க, கரையைப் பார்த்தபடி அது நிற்கும். நாய்கள் நீந்த வேண்டிய ஆழத்தில் இதற்குக் கால் ஊன்றும், உதைக்கவும் முடியும். கரையில் நாய்கள் படுத்துக் காத்திருக்கும். சில சமயம் இருட்டும் வரை.

குளிர்காலத்தில் வருபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கடமானின் இணைசேரும் பருவம் பெரும்பாலும் அப்போதுதான். அந்த நாட்களில் அதன் கழுத்தின் அடிப்பக்கம் மயிர் உதிர்ந்து, ரத்தம் கசிவது போன்ற ஒரு வட்டத் திட்டு தெரியும். புலி கடித்த காயம் என்று பதறி வனத்துறைக்குப் போன் செய்பவர்கள் உண்டு. அது காயம் அல்ல. பருவத்தில் தானாக வருவது, தானாகவே மறைந்துவிடும்.