கண்ணாடிச் சட்டத்தில் ஒரு கண் கேமரா: இமைப்பையும் கண்பாவையையும் அளக்கும் செய்முறை

ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்குச் சுமார் 15 முதல் 20 முறை இமைக்கும் கண்கள், திரையைப் பார்த்து வேலை செய்யத் தொடங்கியதும் இமைப்பதை வெகுவாகக் குறைத்துக்கொள்கின்றன. கண் உலர்வதற்கும் எரிவதற்கும் அது முக்கியமான காரணம். மாலையானால் கண் எரியும் வேலையில் இருப்பதால், என் இமைப்பை நானே எண்ணிப் பார்க்க இந்தக் கருவியைச் செய்துகொண்டேன். ஹோலோலென்ஸ் 2, விஷன் புரோ போன்ற தலையில் அணியும் கணினிகளும் அடிப்படையில் இதே வழியில்தான் கண்ணைக் கவனிக்கின்றன. பைத்தானும், படங்களை ஆராயும் நிரல்தொகுப்பான ஓபன்சிவியும் நிறுவவும், சால்டரிங் செய்யவும் உங்களுக்குத் தெரியும் என்று கொண்டு தொடங்குகிறேன்.

படி 1: கேமரா

கண்ணாடிகள் நீக்கப்பட்ட பழைய மூக்குக்கண்ணாடிச் சட்டம் ஒன்றும், லென்ஸைத் திருகி முன்பின் நகர்த்தக்கூடிய சிறிய யுஎஸ்பி கேமரா பலகை ஒன்றும் போதும். தானாகக் குவியம் செய்யும் ராஸ்பெரி பை கேமரா மாட்யூல் 3-ஐ நான் பரிந்துரைக்க மாட்டேன். அது 10 செ.மீ.க்கு அப்பால்தான் தெளிவாகக் குவியும், நமக்கோ 3 செ.மீ. தொலைவில் தெளிவு வேண்டும்.

லென்ஸைக் கழற்றினால், அதன் பின்புறத்திலோ சென்சாரின் மேலோ, சாய்த்துப் பார்க்கும்போது செந்நிறமாக மினுங்கும் சிறிய கண்ணாடித் துண்டு தெரியும். அதுதான் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி, அதை நீக்கிவிடுங்கள். எம்ஐடி-யில் மோரிட்ஸ் காஸ்னரும் வில்லியம் பாடேராவும் உருவாக்கிய, கண் அசைவைப் பின்தொடரும் பியூப்பில் ஹெட்செட்டும் கடையில் கிடைத்த வெப்கேமில் இதைச் செய்துதான் தொடங்கியது. நீக்கிய இடத்தில், ஸ்டுடியோக்களில் கிடக்கும் கழுவப்பட்ட வண்ண நெகட்டிவின் முழுக் கறுப்பான முனையை வெட்டி ஒட்டினால், சாதாரண வெளிச்சம் பெரும்பாலும் நின்று அகச்சிவப்பு மட்டும் உள்ளே வரும். கறுப்பு வெள்ளை நெகட்டிவ் இதற்கு உதவாது, அதிலுள்ள வெள்ளித் துகள்கள் அகச்சிவப்பையும் தடுத்துவிடும்.

கேமராவைக் கண்ணுக்கு நேரே வைக்காமல், கன்னத்தின் மேல் விளிம்பருகே மேல்நோக்கிப் பொருத்துங்கள். மேலிருந்து பார்க்கும் கேமராவுக்கு மேலிமையும் இமைமுடியும் பாதிக் கண்ணை மறைத்துவிடும்.

படி 2: வெளிச்சம்

நம்மில் பெரும்பாலோருக்குக் கருவிழி அடர்பழுப்பு நிறம் என்பதால், சாதாரண வெளிச்சத்தில் எடுத்த படத்தில் அதன் நடுவே உள்ள கண்பாவையைப் பிரித்தறிவது கடினம். நிறமியான மெலனின் அகச்சிவப்பைக் குறைவாகவே உறிஞ்சுவதால், 850 நானோமீட்டர் அகச்சிவப்பு எல்இடியின் ஒளியில் அதே கருவிழி வெளிர்சாம்பலாகவும் கண்பாவை கரும்புள்ளியாகவும் தெரியும். ஆதார் பதிவில் கருவிழியைப் படமெடுப்பதும் அகச்சிவப்பில்தான். எல்இடியைக் கேமராவை ஒட்டி வைக்காமல் சற்றுத் தள்ளி வையுங்கள். ஒட்டியிருந்தால், விழித்திரையில் பட்டுத் திரும்பும் ஒளி நேராகக் கேமராவுக்குள் நுழைந்து கண்பாவையை வெளிறச் செய்துவிடும்.

இந்த ஒளி கண்ணுக்கு அநேகமாகத் தெரியாது என்பதால் கண் கூசாது, கண்பாவையும் சுருங்கித் தற்காத்துக்கொள்ளாது. ஆகவே அளவை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். விளக்குகளின் ஒளி கண்ணுக்கும் தோலுக்கும் பாதுகாப்பானதா என்பதற்கான ஐஇசி 62471 தரநிலையின்படி, நீண்ட நேரம் கண்ணில் படும் அகச்சிவப்பு ஒரு சதுர செ.மீ.க்கு 10 மில்லிவாட்டைத் தாண்டக் கூடாது. டேட்டாஷீட்டில் உள்ள கதிர்வீச்சுச் செறிவை, கண்ணிலிருந்து எல்இடி இருக்கும் தூரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கண்ணில் படும் அளவு கிடைக்கும். ஒரு எல்இடிக்குச் செறிவு ஸ்டெரேடியனுக்கு (mW/sr) 20 மில்லிவாட் என்றும் தூரம் 3 செ.மீ. என்றும் கொண்டால், 20-ஐ 9-ஆல் வகுக்க ஒரு சதுர செ.மீ.க்கு ஏறக்குறைய 2.2 மில்லிவாட், இரண்டு எல்இடி வைத்தால் மொத்தம் 4.4. டேட்டாஷீட்டின் மதிப்பு எந்த மின்னோட்டத்துக்கு உரியது என்பதையும் பாருங்கள். நான் இரண்டு எல்இடிகளைத் தொடராக இணைத்து, 5 வோல்ட்டில் 220 ஓம் மின்தடை போட்டிருக்கிறேன். சுமார் 9 மில்லிஆம்பியர்தான் ஓடும், படத்துக்கு அதுவே தாராளம். எல்இடி எரிகிறதா என்பதைக் கைப்பேசியின் முன்பக்கக் கேமரா வழியாகப் பார்த்தால் தெரிந்துவிடும்.

படி 3: தானியங்கி எக்ஸ்போஷரை நிறுத்துதல்

அதிக நேரத்தை விழுங்கிய இடம் இதுதான். நிரல் இமைப்பைச் சரியாகவே பிடித்தது. ஆனால் ஒவ்வோர் இமைப்புக்குப் பின்னும் கண்பாவை திடீரென இரு மடங்கு விரிவதாக வரைபடம் காட்டியது. ஃபிரேம் ஃபிரேமாக நிறுத்திப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. அகச்சிவப்பில் இமைத்தோல் கருவிழியைவிட மிகப் பளிச்சென்று தெரியும். இமை மூடியதும் படம் அளவுக்கு மீறி வெளிச்சமாக இருப்பதாகக் கருதிக் கேமரா எக்ஸ்போஷரை, அதாவது ஒளியை உள்வாங்கும் நேரத்தைத் தானாகவே குறைக்கும். கண் திறந்த பின் அது மீண்டும் கூடுவதற்குள் வரும் சில ஃபிரேம்கள் இருண்டே இருப்பதால், கருவிழி முழுவதும் ‘இதைவிட இருண்டது கண்பாவை’ என்று நிரலில் வைத்த வரம்பு மதிப்புக்குக் கீழே விழுந்து கண்பாவையோடு சேர்ந்து ஒரே கரும்பரப்பாகக் கணக்கிடப்படும். எக்ஸ்போஷர், கெயின் (சென்சாரின் சிக்னலைப் பெருக்கும் அளவு) இரண்டையும் கைமுறைக்கு மாற்றி நிலைநிறுத்தினால் சிக்கல் தீர்ந்துவிடும். சில பலகைகள் ஓபன்சிவி வழியாகக் கொடுக்கும் கட்டளையை ஏற்றதுபோல் காட்டி ஏற்காமல் விட்டுவிடுகின்றன. லினக்ஸில் கேமரா அமைப்புகளை மாற்றும் வி4எல்2 கருவி மூலம் அமைத்துவிட்டு, அமைந்ததா என்று திரும்பப் படித்து உறுதிசெய்யுங்கள்.

படி 4: நிரல்

கண் பகுதியை மட்டும் வெட்டி, லேசாக மங்கலாக்கி, வரம்பு மதிப்புக்குக் கீழுள்ள கரும்பரப்புகளின் வெளிக்கோடுகளில் பெரியதை எடுத்து நீள்வட்டம் பொருத்த வேண்டும். கண்ணின் முன்புறத்து ஒளிபுகும் படலமான கார்னியாவில் பிரதிபலிக்கும் எல்இடியின் வெண்புள்ளி கண்பாவையின் விளிம்பில் விழுந்தால் வெளிக்கோட்டைக் கடித்ததுபோல் பள்ளமாக்கும். நீள்வட்டத்துக்கு முன் கன்வெக்ஸ் ஹல் (பள்ளங்களை விட்டு வெளிப்புள்ளிகளை மட்டும் இணைக்கும் உறை) எடுத்தால் அது நிரம்பிவிடும். கேமரா கீழிருந்து சாய்வாகப் பார்ப்பதால் வட்டமான கண்பாவை நீள்வட்டமாகத் தெரிகிறது, எனவே அளவுக்கு நீண்ட அச்சையே கொள்ளுங்கள்.

ஓர் இமைப்பு ஏறக்குறைய 100 முதல் 400 மில்லிவிநாடி நீடிக்கும். நொடிக்கு 30 ஃபிரேம் என்றால், தொடர்ந்து 3 முதல் 12 ஃபிரேம் வரை கண்பாவை காணாமல் போனால் ஒரு இமைப்பு என்று எண்ணலாம். எண்ணுவதற்கு இந்த வேகம் போதும், இமைப்பு எவ்வளவு நேரம் நீடித்தது என்பதை நம்பி அளக்க 120 ஃபிரேமாவது வேண்டும்.

மில்லிமீட்டருக்கு மாற்றுவதற்குக் கருவிழியே அளவுகோல்: பெரியவர்களுக்கு அதன் கிடைமட்ட விட்டம் சராசரியாக 11.7 மி.மீ. கேமராவை நேராகப் பார்த்து ஒரு படம் எடுத்துக் கையால் அளந்துகொள்ளுங்கள். அகச்சிவப்பில் கருவிழிக்கும் வெண்விழிக்கும் இடையிலான எல்லை மங்கலாக இருப்பதால் நிரலிடம் அதை ஒப்படைக்க வேண்டாம். கருவிழி 234 பிக்சல் என்றால் மி.மீ.க்கு 20 பிக்சல், ஆக 80 பிக்சல் கண்பாவை 4 மி.மீ.

எண்களை எப்படிப் பார்ப்பது?

கண்பாவை சுமார் 2 முதல் 8 மி.மீ. வரை மாறக்கூடியது. அறை வெளிச்சமும் திரை வெளிச்சமும் மாறினால் உடனே மாறும். எண்களை நினைவில் நிறுத்தும்போதுகூட விரிவதை 1966-இல் உளவியலாளர்கள் கானமனும் பீட்டியும் காட்டினார்கள். ஆகவே ஒரே அறையில், ஒரே விளக்கில், உங்கள் நேற்றைய அளவோடு மட்டும் ஒப்பிடுங்கள். இரு கண்பாவைகளுக்கிடையே சிறு வேறுபாடு இருப்பது பலருக்கு இயல்பே. ஆனால் முன்பு இல்லாத வேறுபாடு திடீரென்று, தலைவலியோடோ இமை தொங்குவதோடோ தோன்றினால், இந்தக் கருவியை எடுத்து அளந்துகொண்டிராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

பிற்சேர்க்கை

கண்மை இட்டிருக்கும்போது நிரல் இமை விளிம்பையே கண்பாவை என்று பிடிப்பதாக வாசகி ஒருவர் எழுதியிருந்தார். கரி சேர்ந்த மை அகச்சிவப்பையும் உறிஞ்சும் என்பதால் அது கண்பாவை அளவுக்கே கறுப்பாகத் தெரிகிறது. குறுக்கச்சு நீண்ட அச்சில் பாதிக்கும் குறைவாக இருக்கும் வடிவங்களைத் தள்ளிவிடச் சொன்னேன், அவருக்குச் சரியாகிவிட்டது.

கைப்பேசியைக் குனிந்து படிக்கும்போது இமைப்பு எண்ணிக்கை எகிறுவதாக இன்னொருவர் கேட்டிருந்தார். கீழே பார்க்கும்போது மேலிமை இறங்கிக் கண்பாவையை மறைப்பதுதான் காரணம். அந்த நேரத்துப் பதிவைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

உதவி கேட்டுச் சிலர் தங்கள் கண் வீடியோவை அனுப்புகிறார்கள். தெளிவான அகச்சிவப்புக் கண் படம் உங்கள் கருவிழிப் பதிவேதான். விஷன் புரோ பூட்டைத் திறப்பதும் அதை வைத்தே. நிரலை எண்களை மட்டும் சேமிக்கும்படி மாற்றிவிட்டு, அந்த எண்களையும் எக்ஸ்போஷர் அமைப்பையும் அனுப்பினால் போதும்.