விளக்கை அணைத்தால் மட்டும் ‘ஸ்பிரிட் ஆஃப் ஈடன்’ வந்துவிடாது

டாக் டாக் என்ற பிரிட்டிஷ் பேண்ட் என்றால் எண்பதுகளின் நியூ வேவ் பாப், சிந்தசைசர், ரேடியோ ஹிட் என்று பழகியிருந்தவர்களை 1988-ல் வந்த அவர்களின் ‘ஸ்பிரிட் ஆஃப் ஈடன்’ ஆல்பம் நிறையவே குழப்பியது. ஆறே பாட்டு, நாற்பது நிமிடத்துக்குச் சற்று அதிகம், சில இடங்களில் ஏதாவது கேட்கிறதா என்று வால்யூமைக் கூட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். “நாங்களும் வித்தியாசமாக ஒரு ஆல்பம் பண்ணப் போகிறோம்” என்று கிளம்புகிறவர்கள் இதன் ரெக்கார்டிங் கதையைத்தான் முதலில் சொல்வார்கள், அதுவும் தப்பான பாதியை.

அந்தப் பாதி, இருட்டு. லண்டன் வெஸ்ஸெக்ஸ் ஸ்டூடியோவில் விளக்குகளை அணைத்துவிட்டு, எண்ணெய் புரொஜெக்டரின் வண்ணங்கள் சுவரில் ஓட, ஸ்ட்ரோப் லைட் வெட்டி வெட்டி மின்ன, மாதக்கணக்கில் வேலை செய்ததாக எஞ்சினியர் பில் பிரவுன் சொல்லியிருக்கிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நாங்களும் ஒரு தடவை விளக்கை அணைத்துவிட்டு வாசித்தோம், கேபிள் தடுக்கி மைக் ஸ்டாண்ட் சாய்ந்ததுதான் மிச்சம். மறுநாள் போட்டுக் கேட்டால் எங்கள் பழைய பாட்டுதான், கொஞ்சம் மெதுவாக.

உண்மையான வேலை வேறு இடத்தில் நடந்தது. டபுள் பேஸுக்கு டேனி தாம்சன், வயலினுக்கு நைஜல் கென்னடி, ஹார்மோனிகாவுக்கு மார்க் ஃபெல்தம் என்று பெரிய கைகள் வந்து, தோன்றியதை வாசித்துவிட்டுப் போனார்கள். அப்புறம் பேண்டின் பாடகர் மார்க் ஹாலிஸும் தயாரிப்பாளர் டிம் ஃப்ரீஸ்-கிரீனும் உட்கார்ந்து அதில் சில நொடிகளை மட்டும் பொறுக்கி, டிஜிட்டல் டேப்பில் வேறொரு இடத்துக்கு நகர்த்தி ஒட்டினார்கள். மற்றதில் பெரும்பகுதி குப்பைக்குப் போனது. ஒரே அறையில் எல்லோரும் சேர்ந்து மூச்சுவிடுகிற மாதிரி கேட்கிறதே, அது முழுக்க ஒட்டுவேலை. இது தெரியாமல் இரண்டு மணி நேரம் ஜாம் பண்ணி, அதாவது தோன்றியதைச் சேர்ந்து வாசித்து, அப்படியே வெளியிடுவதுதான் நான் அதிகம் பார்க்கிற தவறு. அதைவிட மோசம், “அண்ணன் இவ்வளவு தூரம் வந்து வாசித்துக் கொடுத்தாரே, எப்படி எடுப்பது” என்று தயங்கி எல்லாவற்றையும் வைத்துக்கொள்வது. கென்னடி வாசித்ததையே நறுக்கியிருக்கிறார்கள், நம் அண்ணன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மைக் விஷயம் சின்னதுதான். டிரம்ஸின் வாயில் மைக்கைத் திணித்துவிட்டு, பிறகு ரிவெர்ப் (செயற்கை எதிரொலி) போட்டு அறையை வரவழைக்கப் பார்க்காதீர்கள். மைக்கைத் தள்ளி வைத்தால் அறை தானாகவே கேட்கும்.

சரி, பணம். 1986-ல் வந்த முந்தைய ஆல்பம் ‘தி கலர் ஆஃப் ஸ்பிரிங்’ நன்றாக விற்றதால்தான் ரெக்கார்டு கம்பெனியான இஎம்ஐ அவர்களை இவ்வளவு நாள் தொந்தரவில்லாமல் விட்டுவைத்தது. நமக்கு அப்படி முந்தைய ஹிட் எதுவும் இல்லையென்றால், கடைசித் தேதியை முதல் நாளே சுவரில் எழுதிவிட வேண்டும். கடன் வாங்கி ஸ்டூடியோ எடுத்துவிட்டு “தோன்றும்போது வாசிப்போம்” என்பதெல்லாம் வேலைக்கு ஆகாது.

கடைசியாக, யாரும் படிக்காமலேயே கையெழுத்துப் போடுகிற அந்தத் தாள். ஆல்பம் முடிந்த பிறகு மூன்று மாதத்துக்குள் கான்ட்ராக்ட்டை நீட்டித்துக்கொள்ள இஎம்ஐக்கு உரிமை இருந்தது. கெடு தாண்டிவிட்டது என்றது பேண்ட். எங்களுக்குத் திருப்தி வந்தால்தானே முடிந்ததாக அர்த்தம் என்றது கம்பெனி. ஆக “முடிந்தது” என்ற ஒரு சொல்லுக்காகக் கோர்ட், அப்புறம் மேல்முறையீடு, அங்கேதான் பேண்ட் ஜெயித்தது. அடுத்த ஆல்பம் ‘லாஃபிங் ஸ்டாக்’ 1991-ல் வெர்வ் லேபிளில் வந்தது. அதே வருடம் இஎம்ஐ பழைய பாட்டுகளை ரீமிக்ஸ் பண்ணித் தனி ஆல்பமாக வெளியிட, பேண்ட் மறுபடி வழக்குப் போட்டது.

அதனால் கையெழுத்துப் போடும் முன் இரண்டு வரி சேர்த்துக் கேளுங்கள். எந்த மிக்ஸை யார் கையில் கொடுத்தால் ஆல்பம் முடிந்ததாகக் கணக்கு என்பது ஒன்று, எங்களைக் கேட்காமல் யாரும் ரீமிக்ஸ் பண்ணக்கூடாது என்பது இன்னொன்று. இரண்டாவதற்கு முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை, கேட்டு வையுங்கள்.